பல்கலைக்கழக நிர்வாக வேலை: எந்த மேசை என்று முதலில் கேளுங்கள்

பினாங்கிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் ஆறு வருடமாக வேலை. வணிக நிர்வாகப் பட்டம் இருக்கிறது. வீட்டில் மூன்று வயதுக் குழந்தை. இப்போது இரண்டு இடத்திலிருந்து வேலை வந்திருக்கிறது. ஒன்று, தீவிலேயே ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் ஒப்பந்த அடிப்படையில் நிர்வாக வேலை. மற்றொன்று, ஒரு தனியார் உயர்கல்வி நிலையத்தின் மாணவர் சேர்க்கைப் பிரிவில் நிரந்தர வேலை. இரண்டிலும் இப்போது வாங்குவதைவிடச் சம்பளம் கொஞ்சம் குறைவு. "யூனிவர்சிட்டி வேலை நிம்மதி என்கிறார்கள். அதிலுள்ள நல்லது கெட்டதைச் சொல்லுங்கள்" என்று முடித்திருக்கிறார்.

நல்லது கெட்டது பட்டியல்தான் கேட்கிறார் என்று மேலோட்டமாகத் தோன்றும். எனக்கு அதற்குள் வேறு இரண்டு கேள்விகள் தெரிகின்றன. சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு நிம்மதி வாங்கப் போகிறேனே, அது உண்மையிலேயே கிடைக்குமா? கிடைத்தால், பத்து வருடம் கழித்து வெளியே போக நினைக்கும்போது என்னை யாராவது எடுப்பார்களா? இந்த இரண்டுக்கும்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் முதலில் கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரியில் சில காலம் இருந்தேன். அப்புறம் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தின் பதிவாளர் அலுவலகத்தில் இருபது வருடத்துக்கு மேல். தேர்வுப் பிரிவு, புல அலுவலகம், ஆள் எடுக்கும் பிரிவு என்று மாறி மாறி உட்கார்ந்திருக்கிறேன். நேர்முகத் தேர்வுகளில் மேசைக்கு அந்தப் பக்கமும் இருந்திருக்கிறேன். நூலகம், கணினி மையம், ஆய்வகம் ஆகியவற்றில் வேலை செய்ததில்லை, அதனால் அவற்றைப் பற்றிப் பேசப் போவதில்லை. பினாங்கை எனக்கு வெளியாளாகத்தான் தெரியும். ஆனால் அரசுப் பல்கலைக்கழக விதிகள் எல்லா ஊரிலும் பெரும்பாலும் ஒன்றுதான்.

முதலில் உறுதியான விஷயங்கள். நம் மலேசியாவில் அரசுப் பல்கலைக்கழகங்கள் 20 இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனித்தனிச் சட்டபூர்வ அமைப்பு, அதாவது 'பாடான் பெர்கானுன்'. அமைச்சு அலுவலகம் மாதிரி நேரடி அரசாங்க இலாகா இல்லை. இதனால் வரும் முதல் விளைவே நம் பிள்ளைகள் பலருக்குத் தெரிவதில்லை. பொதுச் சேவை ஆணையமான எஸ்பிஏயில் பெயரைப் பதிந்துவிட்டு, யூனிவர்சிட்டியிலிருந்து கூப்பிடுவார்கள் என்று காத்திருப்பார்கள். கூப்பிட மாட்டார்கள். மலாயாப் பல்கலைக்கழகமானாலும் பினாங்கு குளுகோரில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமான யூஎஸ்எம் ஆனாலும் ஆள் எடுப்பது அந்தந்தப் பல்கலைக்கழகமேதான். அவர்களுடைய இணையப் பக்கத்தில் விளம்பரம் வரும், அங்கேயே மனு செய்ய வேண்டும். விளம்பரம் இரண்டே வாரத்தில் மூடிவிடுவதும் உண்டு. இரண்டாவது விளைவு, வேலைக்குச் சேர்ந்த பிறகு தெரியவரும். ஆசிரியர்கள் ஒரு பள்ளியிலிருந்து இன்னொரு மாநிலத்துப் பள்ளிக்கு மாற்றல் கேட்பதைப் போல இங்கே கேட்க முடியாது. கணவருக்கு ஜொகூரில் வேலை கிடைத்தது என்றால், அங்கிருக்கும் பல்கலைக்கழகம் தனி முதலாளி. அவர்களிடம் காலி இடம் வேண்டும், அவர்கள் சம்மதிக்க வேண்டும், உங்கள் இடமும் விட வேண்டும். நடக்காது என்றில்லை. மூன்றும் ஒன்றாகக் கூடிவர வருடக்கணக்கில் ஆகலாம்.

அடுத்தது எஸ்பிஎம், அதாவது ஐந்தாம் படிவ அரசுத் தேர்வின் மலாய்மொழித் தாள். அரசுப் பல்கலைக்கழக நிர்வாகப் பணிக்கு அதில் கிரெடிட் கேட்பார்கள். பட்டம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அந்த ஒரு தாளில் வெறும் தேர்ச்சி மட்டும் இருந்தால் மனு முதல் சல்லடையிலேயே நின்றுவிடும். நம் பிள்ளைகளின் மனுக்கள் இப்படி நின்றுபோவதைப் பல தடவை பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன். அந்தத் தாளைத் தனியாக மீண்டும் எழுதலாம். இருபத்தெட்டு வயதில் போய் எஸ்பிஎம் எழுதுவதா என்று கூச்சப்படுபவர்களிடம், முப்பத்தெட்டில் எழுதி வேலைக்கு வந்த ஓர் அம்மாவை எனக்குத் தெரியும் என்று சொல்வேன்.

பெரியவர்கள் சொல்லும் அறிவுரையில் பழசாகிப்போன ஒன்றையும் சொல்லியாக வேண்டும். "அரசாங்க வேலை, கடைசியில் பென்ஷன் இருக்கு" என்று உங்கள் மாமாவோ சித்தப்பாவோ சொல்லியிருப்பார். 2024 பிப்ரவரி 1 முதல் புதிதாக நியமிக்கப்படுகிறவர்களுக்குப் பென்ஷன் திட்டம் இல்லை. அவர்களுக்கும் தனியார் துறை போல இபிஎஃப் சேமநிதி, சொக்சோ காப்புறுதிதான். அதோடு, 2024 டிசம்பர் 1 முதல் எஸ்எஸ்பிஏ என்ற புதிய சம்பள முறை வந்து கிரேடு எண்களும் மாறிவிட்டன. பழைய என்19 இப்போது என்1. என்29 இப்போது என்5. பட்டதாரிகளுக்கான என்41 இப்போது என்9. விளம்பரத்தில் என்9 என்று பார்த்துவிட்டு, கீழ்நிலை வேலை போலிருக்கிறது என்று ஒதுக்கியவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் அப்படிச் செய்துவிடாதீர்கள். அதே சீரமைப்பில் சம்பளமும் இரண்டு கட்டமாக உயர்த்தப்பட்டது. உயர் நிர்வாகப் பதவிகளைத் தவிர்த்து மற்றவர்களுக்கு முதல் கட்டத்தில் 8 விழுக்காடு, 2026 ஜனவரியில் இரண்டாம் கட்டமாக 7 விழுக்காடு. இதற்கு மேல் வீட்டு வாடகை, வாழ்க்கைச் செலவு போன்ற நிரந்தரப் படிகளும் உண்டு. அதனால் அடிப்படைச் சம்பளத்தை மட்டும் உங்கள் தொழிற்சாலைச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் கணக்கு சரியாக வராது. படிகளைச் சேர்த்துப் பாருங்கள், தொழிற்சாலையில் வாங்கும் போனஸையும் ஓவர்டைமையும் மறுபக்கம் சேர்த்துப் பாருங்கள்.

இப்போது உங்களுக்கு வந்திருக்கும் 'ஒப்பந்தம்' என்ற சொல்லுக்கு வருகிறேன். இந்த ஒரு சொல்லுக்குள் நான்கைந்து விதமான வேலைகள் ஒளிந்திருக்கின்றன. நல்ல வகை ஒப்பந்தத்தில் கிரேடு இருக்கும், சம்பள அட்டவணை இருக்கும், வருடாந்திர உயர்வு, விடுப்பு, இபிஎஃப் எல்லாம் நிரந்தர ஊழியருக்கு நெருக்கமாக இருக்கும். காலம் மட்டும்தான் ஓராண்டு, இரண்டாண்டு, மூன்றாண்டு என்று வரையறுக்கப்பட்டிருக்கும். இன்னொரு வகை, ஒரு குறிப்பிட்ட சேவைக்காக மொத்தத் தொகை பேசி எடுப்பது. அதில் உயர்வு எதிர்பார்க்க முடியாது. நாள் கூலிக் கணக்கில் எடுக்கும் 'பிஎஸ்எச்' என்று ஒன்று உண்டு. வராத நாளுக்குச் சம்பளம் இல்லை. அப்புறம் ஏதோ ஒரு பேராசிரியரின் ஆராய்ச்சி மானியத்திலிருந்து சம்பளம் கொடுக்கும் திட்டப் பணி. மானியம் தீரும் நாளில் வேலையும் தீரும். நான்கையும் வெளியே 'யூனிவர்சிட்டியில் வேலை' என்றுதான் சொல்வார்கள், கழுத்தில் தொங்கும் அட்டைகூட ஒரே மாதிரிதான் இருக்கும். உங்களுக்கு வந்திருப்பது முதல் வகையாக இருந்தால் யோசிக்கலாம். மற்ற மூன்றில் ஒன்றாக இருந்தால், ஆறு வருடம் பழகிய தொழிற்சாலை வேலையை அதற்காக விடாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

ஒப்பந்தம் நிரந்தரமாகுமா? இங்கிருந்து உறுதி குறையத் தொடங்குகிறது. நிரந்தரப் பணியிடம் என்பது அங்கீகரிக்கப்பட்ட எண்ணிக்கை. ஒருவர் ஓய்வு பெற்றாலோ வேலையை விட்டாலோதான் இடம் திறக்கும். அப்போதும் அது பொது விளம்பரமாக வரும், நீங்களும் வெளியாளோடு சேர்ந்து மனு செய்ய வேண்டும். உள்ளே இருப்பவருக்கு வேலை தெரியும் என்பது ஓர் அனுகூலம், உத்தரவாதம் இல்லை. என் அலுவலகத்தில் இரண்டாம் ஒப்பந்தத்திலேயே நிரந்தரமானவரும் இருக்கிறார், ஐந்தாறு தடவை புதுப்பித்தும் அப்படியே இருப்பவரும் இருக்கிறார். திறமையில் அவர்களுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. 2016, 2017 பட்ஜெட்டுகளில் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான ஒதுக்கீடு குறைக்கப்பட்டபோது முதலில் கை வைக்கப்பட்டவற்றில் ஒப்பந்தப் புதுப்பிப்பும் ஒன்று. "வாங்க, அப்புறம் பெர்மனென்ட் பண்ணிடலாம்" என்று யாராவது வாயால் சொன்னால், அவர் நல்லெண்ணத்தில் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

சரி, உள்ளே போய்விட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நிம்மதி உண்டா? பல பிரிவுகளில் உண்டு. மாலை ஐந்து, ஐந்தரைக்கு மேல் தொலைபேசி வராது. விடுப்பு நாட்கள் வேலைவாய்ப்புச் சட்டம் தனியாருக்குச் சொல்லும் குறைந்தபட்சமான, சேவைக் காலத்துக்கேற்ற 8, 12, 16 நாட்களைவிடத் தாராளம். குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொல்லி அவசர விடுப்பு எடுத்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை. நிரந்தரமான பிறகு, தப்புத்தண்டா செய்யாதவரை வேலைக்கு ஆபத்து வராது. மேற்படிப்பு படிக்க நினைத்தால் வகுப்பு பக்கத்துக் கட்டடத்திலேயே நடக்கிறது. என் கூட வேலை செய்தவர்களில் கிராணியாகச் சேர்ந்து பகுதி நேரமாகப் படித்து முதுகலை முடித்தவர்கள் ஒரு கை விரலுக்கு மேல் உண்டு.

ஆனால் 'நிம்மதி' என்பவர்கள் தேர்வுப் பிரிவையும் பட்டமளிப்பு விழா வேலையையும் பார்க்காதவர்கள். பருவத் தேர்வு முடிந்ததும் மதிப்பெண்கள் புலங்களிலிருந்து வரும். சில விரிவுரையாளர்கள் கடைசி நாள் இரவு பதினொன்றரைக்கு ஏற்றுவார்கள். தேர்வு வாரியம், பிறகு கல்வி விஷயங்களை முடிவு செய்யும் செனட் என்று கூட்டத் தேதிகள் முன்பே குறிக்கப்பட்டவை, நகர்த்த முடியாது. இடையில் அகப்படுவது நாம்தான். பட்டமளிப்புக்கு முந்தைய வாரங்களில் சான்றிதழில் அச்சாகப் போகும் பெயர்களை அடையாள அட்டையோடு ஒத்துப் பார்ப்போம். நம்மவர் பெயர்களில்தான் சிக்கல் அதிகம். ஐசியில் 'எச்' ஒன்று கூடுதலாக இருக்கும், எஸ்பிஎம் சான்றிதழில் அது இருக்காது. ஒருவருக்கு மகள் என்பதைக் குறிக்கும் 'ஏ/பி' இருக்கும், அவர் தங்கைக்கு இருக்காது. அப்பா பெயர் ஒரு தாளில் ஒரு சொல், இன்னொரு தாளில் இரண்டு சொல். கணினி கண்டுபிடிக்காது. ஸ்கேலை வைத்து வரி வரியாக நாம்தான் படிக்க வேண்டும். ஆயிரக்கணக்கான பெயர்களில் ஒன்று தப்பிப்போய் மேடையில் ஒரு பிள்ளை தவறான பெயரோடு சான்றிதழ் வாங்கினால், மறுநாள் காலை கவுண்டரில் அவளுடைய அப்பா நிற்பார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கும். அந்த வாரங்களில் சனி, ஞாயிறு எதுவும் கிடையாது.

இன்னொரு விலையும் உண்டு, அதைப் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. பல்கலைக்கழகம் என்பது விரிவுரையாளர்களின் வீடு, நாம் அதில் குடியிருப்பவர்கள். உங்கள் தலைவர் பெரும்பாலும் ஒரு கல்வியாளராக இருப்பார். புல முதல்வர் பதவி சில வருடத் தவணைதான். புதிதாக வருபவர் தன் துறையில் உலகறிந்தவராக இருக்கலாம், ஆனால் ஒரு கொள்முதல் பாரத்தில் எங்கே கையெழுத்து போட வேண்டும் என்று தெரியாது. மூன்று மேற்கோள் விலை ஏன் வேண்டும், கூட்டக் குறிப்பில் எதை எழுதக் கூடாது, எந்தக் கடிதம் செனட்டுக்குப் போக வேண்டும் என்றெல்லாம் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பீர்கள். அவர் கற்றுத் தேறும் நேரத்தில் தவணை முடிந்து அடுத்தவர் வருவார். அவருக்கும் முதலிலிருந்து சொல்லிக்கொடுப்பீர்கள். நல்ல தலைவர் என்றால் இதை மறக்க மாட்டார். சிலர் உங்களை 'அந்த ஆபீஸ் ஆள்' என்று கடைசிவரை பெயர் தெரியாமலே நடத்துவார்கள். பேராசிரியரின் பயணக் கணக்கு தாமதமானதற்கு எனக்கு ஏச்சு விழுந்திருக்கிறது, அவர் ரசீதே கொடுக்காமல் இருந்தபோது. இதை மனதுக்குள் போட்டுக்கொண்டு புழுங்குபவர் என்றால் இந்த வேலை உங்களைத் தின்றுவிடும். சம்பளமும் பதவியும் குறைவு என்பதைவிட, இந்த இரண்டாம் இட உணர்வு தாங்காமல் வெளியேறியவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பதவி உயர்வு மெதுவாகத்தான் நடக்கும். மேலே போகப் போக இடங்கள் குறுகும், மேலிருப்பவர் 60 வயதில் ஓய்வு பெறும்வரை இடம் அசையாது. வருடாந்திர மதிப்பீட்டு அறிக்கையில் நல்ல மதிப்பெண் தேவைதான், ஆனால் அது மட்டும் போதாது. இனம் காரணமா என்று நம்மவர்கள் கேட்பார்கள். நேரடியாகவே பதில் சொல்கிறேன். அரசுப் பல்கலைக்கழக நிர்வாகத்தில், குறிப்பாக நடு மேல் நிலைகளில், நாம் எண்ணிக்கையில் குறைவு. அது கண்ணால் பார்க்கக்கூடியது. அதற்கு எவ்வளவு தூரம் பாகுபாடு காரணம், எவ்வளவு தூரம் நாம் மனுவே செய்யாதது காரணம் என்பதை ஓர் ஆளின் அனுபவத்தை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. என் மேசைக்கு வந்த மனுக் கட்டுகளில் தமிழ்ப் பெயர்கள் மிகக் குறைவாக இருந்தன என்பது மட்டும் எனக்கு உறுதியாகத் தெரியும். மனு செய்தவர்களில் பலர் மலாயில் எழுதவும் கூட்டத்தில் பேசவும் தயங்கினார்கள் என்பதும் தெரியும். கூட்டம், குறிப்பு, கடிதம் எல்லாமே மலாயில்தான். பேச்சு மலாய் போதாது, எழுத்து மலாய் சரளமாக வர வேண்டும்.

எண்ணிக்கை குறைவாக இருப்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. நீங்கள் அந்தக் கவுண்டரில் உட்கார்ந்துவிட்டால், தோட்டத்திலிருந்தோ சிறுநகரத்திலிருந்தோ பிள்ளையைச் சேர்க்க வரும் அப்பா அம்மாவின் கண் உங்கள் முகத்தில்தான் வந்து நிற்கும். வரிசை வேறு பக்கம் இருந்தாலும் உங்களிடம் வந்து, "அம்மா, இந்த பிடிபிடிஎன் கல்விக் கடன் பாரம் எப்படிப் போடறது?" என்று கேட்பார்கள். அது உங்கள் பிரிவு வேலையே இல்லை. ஆனாலும் எழுந்து போய்க் காட்டுவீர்கள். சம்பளத்தில் ஒரு காசு கூடாது, மதிப்பீட்டு அறிக்கையிலும் வராது. இருந்தும் நான் இத்தனை வருடம் இருந்ததற்கு இது ஒரு பெரிய காரணம்.

தனியார் பக்கம் வருவோம். 1996-இல் தனியார் உயர்கல்வி நிலையங்கள் சட்டம் வந்த பிறகுதான் இந்தத் துறை இவ்வளவு விரிந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் சன்வே, சுபாங், செராஸ், புக்கிட் ஜாலில் என்று ஒரு நிலையத்தை விட்டால் அடுத்தது இருக்கிறது. பினாங்கில் அந்த அளவு இல்லை. அதாவது கோலாலம்பூரில் ஒருவர் தனியார் பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் இருந்துவிட்டு அடுத்த இடத்துக்குக் கூடுதல் சம்பளத்தில் தாவுவதைப் போல நீங்கள் அங்கே எளிதில் தாவ முடியாது. இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

தனியாரில் 'நிரந்தரம்' என்ற சொல்லுக்கு அரசில் உள்ள கனம் கிடையாது. மாணவர் கட்டணத்தில்தான் எல்லாம் ஓடுகிறது. சேர்க்கை குறைந்தால் முதலில் போனஸ், பிறகு ஆட்கள். 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து வெளிநாட்டு மாணவர் வரத்து நின்றபோது இது எவ்வளவு வேகமாக நடக்கும் என்று பார்த்தோம். நிறுவனம் கைமாறுவதும் உண்டு. காலையில் வேறு பெயரில் பலகை தொங்கும். ஆட்குறைப்பு என்றால் சட்டப்படியான இழப்பீடு, 4,000 ரிங்கிட் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு, இரண்டு வருடத்துக்குள் என்றால் ஆண்டுக்கு 10 நாள் சம்பளம், ஐந்து வருடத்துக்குள் 15 நாள், அதற்கு மேல் 20 நாள். ஆக, ஆறு வருடம் இருந்த தொழிற்சாலையை விட்டுப் புதிய இடத்துக்குப் போகும்போது இந்தக் கணக்கும் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது.

நல்ல பக்கம் என்ன? முடிவுகள் சீக்கிரம் எடுக்கப்படும். ஒரு படிவத்தை மாற்ற மூன்று குழுவுக்குப் போக வேண்டியதில்லை. திறமை இருந்தால் முப்பத்தைந்து வயதில் மேலாளராகலாம், அரசில் அது அரிது. சில இடங்களில் ஊழியருக்கும் பிள்ளைகளுக்கும் கட்டணக் கழிவு உண்டு. உங்கள் பிள்ளைக்கு மூன்றே வயது என்பதால் அதை இப்போதைக்கு மறந்துவிடலாம்.

ஆனால் உங்களுக்கு வந்திருப்பது சேர்க்கைப் பிரிவு. பெயர் நிர்வாகம் என்றிருந்தாலும் பெரும்பாலான இடங்களில் அது விற்பனை வேலை. ஒவ்வொரு சேர்க்கைக்கும் இத்தனை பேர் என்று இலக்கு இருக்கும். பள்ளிப் பள்ளியாகக் கண்காட்சிக்குப் போக வேண்டும், சனி ஞாயிறு திறந்த நாள் நடக்கும், எஸ்பிஎம் முடிவு வரும் வாரத்தில் விடுப்பு கேட்கவே முடியாது. இரவு ஒன்பது மணிக்கு ஒரு தாய் வாட்ஸ்அப்பில் கட்டண விவரம் கேட்பார், காலைவரை காத்திருந்தால் அடுத்த கல்லூரி பதில் சொல்லிவிடும். மக்களோடு பேசிப் பழகுவதில் ஆனந்தம் காண்பவருக்கு இது அருமையான வேலை, நான் குறை சொல்லவில்லை. நிம்மதிக்காகவும் குழந்தைக்காகவும் வேலை மாறுகிறேன் என்கிறீர்களே, அதற்கு இது பொருந்தாது. அதே நிலையத்தில் தேர்வுப் பிரிவு, அல்லது மலேசியத் தகுதி முகமையான எம்க்யூஏவின் அங்கீகார ஆவணங்களைப் பார்க்கும் தரப் பிரிவு கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். தரப் பிரிவில் வேலை பழகியவர்களை மற்ற நிலையங்களும் தேடி எடுக்கின்றன, ஏனென்றால் எல்லாத் தனியார் நிலையத்துக்கும் அந்த அங்கீகாரம் வேண்டும்.

இதிலிருந்து உங்கள் இரண்டாவது கேள்விக்கு வந்துவிட்டோம். பத்து வருடம் கழித்து வெளியே மதிப்பு இருக்குமா என்பதை அரசா தனியாரா என்பது முடிவு செய்வதில்லை. எந்த மேசை என்பதுதான் முடிவு செய்கிறது. கொள்முதல், கணக்கு, ஆள்வளம், தரக் கட்டுப்பாடு, வெளிநாட்டு மாணவர் விசா, தரவு மேலாண்மை ஆகிய மேசைகளில் கற்றது வெளியிலும் செல்லும். கூட்ட அறை பதிவு, விடுதிச் சாவி, புலத்தின் பொது அலுவலகம் ஆகியவற்றில் கற்றது அந்த வளாகத்தின் வாயிலோடு நின்றுவிடும். இணையத்திலேயே மாணவர்கள் எல்லாவற்றையும் செய்துகொள்ளும் காலத்தில் பின்னால் சொன்ன வகை வேலைகள் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. இது கணிப்புதான்.

உங்களிடம் ஆறு வருடக் கொள்முதல் அனுபவம் இருக்கிறது. அரசுப் பல்கலைக்கழகத்தின் பெண்டஹாரி அலுவலகத்தில், அதாவது நிதிப் பிரிவில், கொள்முதலுக்கென்றே ஒரு பிரிவு இருக்கும். மேற்கோள் விலை, டெண்டர், ஒப்பந்தக் கண்காணிப்பு எல்லாம் அங்கேதான். தொழிற்சாலையில் விலையும் வேகமும் பெரிது, இங்கே நடைமுறை பெரிது. முதல் ஆறு மாதம் எரிச்சலாக இருக்கும். பிறகு இரண்டு உலகமும் தெரிந்தவர் என்ற பெயர் வரும். அதில் ஓர் எச்சரிக்கை: சட்டபூர்வ அமைப்புகளின் ஒழுங்கு நடவடிக்கைக்கும் இழப்பு ஈட்டலுக்கும் 2000-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. உங்கள் கவனக்குறைவால் பல்கலைக்கழகத்துக்கு நட்டம் வந்தால் அதை உங்களிடமே வசூலிக்க அது இடம் கொடுக்கிறது. கையெழுத்துக்கு முன் படிக்காமல் எதையும் மேலே அனுப்பாதீர்கள், யார் அவசரப்படுத்தினாலும். வாரக் கடைசியில் பலகாரம், சேலை என்று இணைய வியாபாரம் ஏதாவது செய்கிறீர்கள் என்றால், அதற்கும் துறைத் தலைவரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும்.

ஆக என் யோசனை இதுதான். அரசு ஒப்பந்தம் கிரேடோடு கூடிய வகையாக இருந்து, குறைந்தது இரண்டு வருடமாக இருந்து, கொள்முதல் அல்லது நிதி சார்ந்த இடமாக இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். நிரந்தரமாகாவிட்டாலும் அந்த அனுபவம் கையில் இருக்கும். மூன்றில் ஒன்று இல்லையென்றால் இப்போதைய வேலையிலிருந்துகொண்டே அடுத்த விளம்பரத்துக்குக் காத்திருங்கள். சேர்க்கைப் பிரிவு வேலையை நான் உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். வீட்டு நிலைமை, கணவர் வேலை நேரம், கடன் ஆகியவற்றைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. அவை இந்தக் கணக்கைத் தலைகீழாக்கலாம்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். நியமனக் கடிதம் கையில் வரும்வரை தொழிற்சாலையில் ராஜினாமா கொடுக்காதீர்கள். "நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள்" என்ற தொலைபேசி அழைப்பு கடிதம் ஆகாது, இடையில் மருத்துவப் பரிசோதனை, ஒப்புதல் என்று வாரங்கள் போகும். உங்கள் வேலை ஒப்பந்தத்தில் முன்னறிவிப்புக் காலம் எவ்வளவு என்று இன்றே எடுத்துப் பாருங்கள். அதில் எதுவும் எழுதப்படவில்லை என்றால், ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு வேலைவாய்ப்புச் சட்டம் சொல்வது 8 வாரம். பல்கலைக்கழகம் கேட்கும் பணியேற்பு நாள் பெரும்பாலும் அதற்கு முன்பே வரும். அப்படியானால் தேதியைத் தள்ளிவைக்கும்படி பதிவாளர் அலுவலகத்துக்கு மலாயில் ஒரு கடிதம் எழுதி, காரணத்தோடு தொழிற்சாலைக் கடிதத்தின் நகலையும் இணைத்து அனுப்புங்கள். எங்கள் அலுவலகத்தில் இத்தகைய வேண்டுகோளைப் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வோம், ஆனால் எழுத்தில் வந்தால் மட்டும்தான்.